இல்லாத பேஜுக்குப் பதில் சொல்பவன்

பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகை வீடு மாறியபோதெல்லாம் ஒரே கதைதான். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பால் காய்ச்ச நேரம் குறித்துவிடுவாள். விடிகாலை நாலரையிலிருந்து ஆறுக்குள். அதற்குள் சாமான் எல்லாம் போய்ச் சேருமா என்ற கவலை அவளுக்கு இருந்ததே இல்லை. சாமி படம், குத்துவிளக்கு, பால் பாத்திரம், அரிசி, உப்பு. இவ்வளவு போனால் போதும், குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது. மிச்சம் மாட்டுவண்டியில் பின்னால் வரும். இடையில் ஏதாவது தேவைப்பட்டால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் பறக்க வேண்டும். "எல, காப்பி வடிகட்டிய எடுத்துட்டு வா." வடிகட்டியோடு திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள், "தீப்பெட்டி எங்கல?"

இருபது வருடம் கழித்து இதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

சென்னையில் ஒரு கிளவுட் நிறுவனத்தின் ஹோஸ்ட் குழுவில் இருந்தேன். லினக்ஸ், அதன்மேல் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம், கியூஎமு, இந்த மூன்றோடுதான் பிழைப்பு. வாடிக்கையாளர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது வி.எம்.கள், எங்கள் ஹோஸ்ட்களில் ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ்டைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் அதில் இருக்கும் வி.எம்.களை ஓட ஓடவே வேறு ஹோஸ்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. லைவ் மைக்ரேஷன் என்று பெயர்.

அதற்கு எல்லோரும் கையாளும் வழி ப்ரீகாப்பி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் ஸென் ஹைப்பர்வைசரை வைத்து 2005-ல் எழுதிய கட்டுரையில் விவரித்த முறை அது. வி.எம். பழைய ஹோஸ்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் மெமரியை 4096 பைட் கொண்ட பேஜ் பேஜாகப் புது ஹோஸ்டுக்கு அனுப்புவோம். ஒரு சுற்று முடிவதற்குள் வி.எம். சில பேஜ்களில் மறுபடி எழுதியிருக்கும். அவை மட்டும் அடுத்த சுற்றில் போகும். அதற்குள் இன்னும் சில அழுக்காகும், அவை அடுத்த சுற்றில். மிச்சம் சிறுத்துக்கொண்டே வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அனுப்பிவிடலாம் என்ற அளவுக்கு இறங்கியதும் வி.எம்.-ஐ நிறுத்தி, கடைசி மிச்சத்தையும் சி.பி.யூ. நிலையையும் அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பிவிடுவோம். கியூஎமுவில் அந்தக் கண்ணிமைப்புக்குக் கொடுத்திருக்கும் அளவு 300 மில்லிசெகண்ட். பத்து ஜிகாபிட் கம்பியில் அந்த நேரத்துக்குள் ஏறத்தாழ 375 மெகாபைட்தான் போகும். மிச்சம் அதற்குக் கீழே இறங்கினால் காரியம் முடிந்தது.

இறங்காவிட்டால்?

2018 ஜனவரி 3-ஆம் தேதி மெல்ட்டவுன் வெளியே வந்தது. இன்டெல் சிப்பின் ஓட்டை வழியாக ஒரு சாதாரண புரோகிராம் கெர்னலின் மெமரியை வாசிக்கலாம் என்றார்கள். ஒரே ஹோஸ்டில் ஊர் பேர் தெரியாத பத்து வாடிக்கையாளர்களைக் குடிவைத்துப் பிழைப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் புதுக் கெர்னல் போட்டு ரீபூட் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொன்றையும் காலி செய்ய வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தவர்கள் எல்லோரும் ரத்து செய்தோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வி.எம்.கள் சொன்ன பேச்சைக் கேட்டன. மிச்சத்தில் ஒன்று கேட்கவே இல்லை. 96 ஜிபி மெமரி, 32 வி.சி.பி.யூ. (மெய்நிகர் சி.பி.யூ.), உள்ளே ஒரு டேட்டாபேஸ். மாதத் தொடக்கம் என்பதால் இரவெல்லாம் கணக்கு முடிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது, அது நியாயம். பிறகு மிச்சம் ஆறு ஜிபியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு ஜிபியை அனுப்ப ஐந்து செகண்ட் ஆகும். அந்த ஐந்து செகண்டில் அது அதே ஆறு ஜிபியை மறுபடி எழுதி முடித்திருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை. நாற்பது சுற்று பார்த்தேன், எண் அசையவில்லை.

ஆட்டோ கன்வர்ஜ் என்று ஒரு வசதி உண்டு. வி.எம்.-இன் சி.பி.யூ.வை வேண்டுமென்றே மெதுவாக்கி, எழுதும் வேகத்தைக் குறைக்கும். முதலில் 20 சதவீதம் பிடிக்கும், பிறகு பத்துப் பத்தாகக் கூடி 99 வரை போகும். அதைப் போட்டதும் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்துவிட்டது. ஓட்டக்காரன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, "பாருங்கள், அவரை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டு வந்தோம்" என்பதில் என்ன பெருமை? எனக்கு அந்த வசதி அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

நிறுத்திவிட்டு ஒரேயடியாக அனுப்பலாம் என்றால் ஐந்து செகண்ட் இருட்டு. அவர்களுடைய கிளஸ்டரில் ஹார்ட்பீட் அதைவிடக் குறைவான நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. ஐந்து செகண்ட் சத்தம் இல்லையென்றால், செத்துவிட்டது என்று அடுத்த நோடு பொறுப்பை எடுத்துக்கொள்ளும். நடு ராத்திரியில் கணக்கு முடிக்கும்போது அது நடக்கக் கூடாது.

கடைசியில் அம்மாவின் வழிதான் மிச்சம். முதலில் குடிபோவது, சாமானைக் கேட்கக் கேட்கக் கொண்டுவருவது. எங்கள் தொழிலில் அதற்குப் போஸ்ட்காப்பி என்று பெயர். 2009-லேயே அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஸென்னில் செய்து காட்டியிருந்தார்கள். லினக்ஸில் அதைச் சுத்தமாகச் செய்ய, கெர்னலிடமிருந்து ஒரு பொறுப்பைக் கையில் வாங்க வேண்டியிருந்தது.

என்ன பொறுப்பு என்று சொல்கிறேன். ஒரு புரோகிராம் மெமரியில் ஒரு முகவரியைத் தொடும். அங்கே பேஜ் இல்லையென்றால் சி.பி.யூ. நின்று கெர்னலைக் கூப்பிடும். இதுதான் பேஜ் ஃபால்ட். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் குற்றம் ஒன்றும் இல்லை, செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும் அன்றாட விஷயம். கெர்னல் ஒரு வெற்றுப் பேஜைக் கொடுக்கும், அல்லது டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும். புரோகிராம் எதுவும் நடக்காததுபோல் மேலே போகும். எங்கள் பேஜோ வேறொரு மெஷினில், கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைக் கெர்னலுக்கு எப்படிச் சொல்வது? எண்பதுகளில் மாக் கெர்னலில் பேஜ் கொண்டுவரும் வேலையை வெளியே ஒரு புரோகிராமிடம் விடும் ஏற்பாடு இருந்தது. லினக்ஸில் 2015 வரை அப்படி எதுவும் இல்லை. எம்ப்ரொடெக்ட் போட்டுவிட்டு சிக்னல் பிடிக்கும் பழைய தந்திரம் உண்டு. ஆனால் கேவிஎம் போலக் கெர்னலே உள்ளிருந்து அந்த மெமரியைத் தொடும்போது சிக்னல் எதற்கும் உதவாது.

ரெட் ஹாட்டில் இருந்த ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி எழுதிய யூசர்ஃபால்ட்எஃப்டி 2015-ல் லினக்ஸ் 4.3-இல் சேர்ந்தது. அதே ஆண்டு முடிவதற்குள், அதை வைத்து டேவிட் கில்பர்ட் எழுதிய போஸ்ட்காப்பி கியூஎமு 2.5-இல் வந்துவிட்டது. கருத்து எளிது. "இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை பேஜ் இல்லாவிட்டால் என்னிடம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் மூலம் கெர்னலிடம் எழுதிக் கொடுக்கிறோம். அதன்பின் அந்த இடத்தைத் தொடும் திரெட் எதுவானாலும் கெர்னல் அதைத் தூங்கவைத்துவிட்டு, நமக்கு 32 பைட்டில் ஒரு சீட்டு அனுப்பும். பேஜைக் கொண்டுவந்து வைத்து, தூங்குபவரை எழுப்புவது நம் பாடு.

அந்த ஜனவரி இரவுக்கு ஒரு வருடம் முன்பு, இதை விளங்கிக்கொள்வதற்காக, அந்தச் சீட்டுகளுக்குப் பதில் சொல்லும் ஒரு சின்ன ஹேண்ட்லரை நானே எழுதினேன். சி மொழியில் இருநூறு வரி. கியூஎமுவின் கோடைப் படித்தாலே போதும் என்பார்கள். எனக்குக் கை வைத்துப் பார்க்காமல் எதுவும் மண்டையில் ஏறாது.

வேலை இப்படிப் போகும். ஒரு பக்கம் பெரிய மெமரித் துண்டு ஒன்றை எம்மேப் செய்து பதிவு செய்கிறோம். இன்னொரு திரெட் போலில் காத்திருக்கிறது. சீட்டு வந்ததும் வாசிக்கிறது, முகவரியை எடுக்கிறது, கீழே உள்ள 12 பிட்டை அழித்துப் பேஜின் தொடக்கத்துக்கு வருகிறது, சாக்கெட் வழியே அந்தப் பக்கம் கேட்கிறது, வந்த 4096 பைட்டைத் தன்னிடம் இருக்கும் தனி பஃபரில் வாங்குகிறது, காப்பி என்ற ஐஆக்ட்ல்-ஐக் கூப்பிடுகிறது. நேரே அந்த இடத்தில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். முதல் பைட் விழுந்த மறுகணமே இன்னொரு வி.சி.பி.யூ. மிச்சத்தை வாசித்துவிடும். பாதி வெந்த சோற்றை இலையில் போடுவதுபோல. அதனால் கெர்னல் தனியாக ஒரு பேஜை எடுத்து, அதை முழுக்க நிரப்பி, பிறகுதான் முகவரியில் பொருத்தும். பார்ப்பவர்களுக்கு ஒன்று இல்லை, அல்லது முழுசாக இருக்கிறது.

எழுதி முடித்த அன்று இரவு பதினொன்றரை மணிக்கு எல்லாம் ஓடியது. காபி குடித்துவிட்டு வந்து, எந்தப் பேஜ் வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஹேண்ட்லரில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சீட்டு வந்ததும் அந்த முகவரியில் முதல் எட்டு பைட்டை அச்சிடு என்று. ஓட்டினேன். முதல் ஃபால்ட்டிலேயே எல்லாம் நின்றது. எரர் இல்லை, கிராஷ் இல்லை, சி.பி.யூ. பூஜ்யம். நெட்வொர்க்கைச் சந்தேகித்தேன், சாக்கெட்டைச் சந்தேகித்தேன், கெர்னல் பதிப்பைச் சந்தேகித்தேன். ஒரு மணிக்கு மேல் ப்ராக்கில் ஹேண்ட்லர் திரெட்டின் கெர்னல் ஸ்டாக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலே நின்ற பெயர் ஹேண்டில் யூசர்ஃபால்ட். இல்லாத பேஜுக்குப் பதில் சொல்ல வேண்டியவனே இல்லாத பேஜைத் தொட்டுவிட்டு, அதைக் கொண்டுவரத் தன்னைத்தானே எதிர்பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குபவனுக்கான சீட்டு டிஸ்கிரிப்டரில் வந்து கிடக்கிறது. வாசிக்க ஆள் இல்லை.

அந்த ஒரு வரிதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். அது எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் தெரிந்தது. ஹேண்ட்லர் எழுதுபவர் தொடும் ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது அந்தப் பக்கம் இருக்கக்கூடியதா? இல்லாத ஒன்றுக்காக இது எங்காவது காத்திருக்குமா? ஹேண்ட்லர் பிடிக்கும் லாக்கை வேறொரு திரெட் பிடித்துக்கொண்டு, அந்தத் திரெட் ஃபால்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் கதை அதேதான், ஒரு சுற்று சுற்றி வரும். இன்னொரு நாள், தூங்கும் வி.எம்.-ஐ ஜிடிபி என்ற டீபக்கரில் பார்க்கப்போய் ஜிடிபியும் சேர்ந்து தூங்கியது.

இரண்டாவது பாடம் சின்னது. இரண்டு வி.சி.பி.யூ.க்கள் ஒரே பேஜைத் தொட்டால் இரண்டு சீட்டு வரும். முதலாவதற்குப் பேஜை வைத்ததும் இருவரும் எழுந்துவிடுவார்கள். இரண்டாவது சீட்டுக்கும் கம்பியில் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து வைத்தால், "ஏற்கனவே இருக்கிறது" என்று கெர்னல் திருப்பி அனுப்பும். அது எரர் இல்லை. நான் அதை எரர் என்று நினைத்து புரோகிராமை நிறுத்திக்கொண்டிருந்தேன். வந்த பேஜுக்கெல்லாம் ஒரு பிட்மேப் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன் பார்த்துவிட்டால் வீண் நடை மிச்சம். அம்மாவும் தங்கையும் தனித்தனியே வடிகட்டி கேட்டு, நான் ஒரே காலையில் இரண்டு முறை போய் வந்த நாள் உண்டு.

உள்ளே இருக்கும் வி.எம்.-க்கு இது எதுவும் தெரியாது. அதன் வி.சி.பி.யூ. எங்கள் ஹோஸ்டில் ஒரு திரெட், அவ்வளவுதான். அந்தத் திரெட் தூங்கினால் அந்த வி.சி.பி.யூ.வின் காலம் நிற்கும். கேவிஎம்-இல் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. விருந்தாளிக் கெர்னலுக்கு, அதாவது வி.எம்.-க்கு உள்ளே ஓடும் கெர்னலுக்கு, அது தெரியுமென்றால், "இந்தப் பேஜ் வர நேரமாகும், நீ வேறு வேலையைப் பார்" என்று கேவிஎம் சொல்லும். அதுவும் வேறு புராசஸை எடுத்து ஓட்டும். ஆனால் விருந்தாளிக் கெர்னலே அந்தப் பேஜைக் கேட்டால் நிற்க வேண்டியதுதான்.

கியூஎமுவின் போஸ்ட்காப்பியை லேபில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் பயமுறுத்தின.

முதலாவது, கேபிள். சோதனைக்காக நடுவில் பிடுங்கினேன். புது ஹோஸ்டில் வி.எம். ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் பேஜ்களில் ஒரு பகுதி பழைய ஹோஸ்டில் கிடக்கிறது. பழைய ஹோஸ்டிலேயே திரும்ப எழுப்பலாமா? முடியாது. புது இடத்தில் அது ஏற்கனவே டிஸ்கில் எழுதிவிட்டது, நெட்வொர்க்கில் பேசிவிட்டது. ப்ரீகாப்பி நடுவில் அறுந்தால் நஷ்டம் நேரம் மட்டும். போஸ்ட்காப்பி அறுந்தால், அன்றிருந்த கியூஎமுவில், வி.எம். போச்சு. கரண்ட் போன மாதிரி.

இரண்டாவது, தாமதம். பழைய ஹோஸ்ட் இரண்டு வேலை செய்கிறது. எல்லாப் பேஜ்களையும் வரிசையாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, இடையில் கேட்கும் பேஜை முன்னால் எடுத்து அனுப்புகிறது. கேட்ட பேஜின் இடத்திலிருந்தே வரிசையைத் தொடரும், அடுத்து அதன் அக்கம்பக்கத்தைத்தான் கேட்கும் என்ற கணக்கில். வடிகட்டி கேட்டால் கூடவே காப்பித் தூளையும் எடுத்துவரும் புத்தி. ஆனால் இரண்டும் ஒரே சாக்கெட்டில் போகின்றன. கெர்னலின் எஃப்டிரேஸ் போட்டு ஒவ்வொரு தூக்கமும் எவ்வளவு நேரம் என்று அளந்தேன். கம்பி சும்மா இருக்கும்போது ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. வரிசை முழு வேகத்தில் ஓடும்போது நாலு, ஐந்து மில்லிசெகண்ட். ஒரு பேஜ் பத்து ஜிகாபிட் கம்பியைக் கடக்க மூன்று மைக்ரோசெகண்ட் சொச்சம்தான். மிச்ச நேரம் எங்கே போகிறது?

மூன்று நாள் தேடினேன். பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுச் சந்து ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். கையில் தீப்பெட்டியோடு சைக்கிளில் நான் நிற்பேன், முன்னால் பீரோ ஏற்றிய மாட்டுவண்டி அசைந்து அசைந்து போகும். மணி அடித்தாலும் மாடு ஒதுங்க இடம் இல்லை. டிசிபியின் அனுப்பும் பஃபர் எங்கள் ஹோஸ்டில் நாலு மெகாபைட் வரை வளர அனுமதி இருந்தது. லினக்ஸில் வழக்கமாக வரும் அளவுதான் அது. வரிசைப் பேஜ்கள் அதை நிரப்பி வைத்துவிடும். கியூஎமு அவசரப் பேஜை முன்னால் எடுத்தாலும், பஃபரில் ஏற்கனவே விழுந்த நாலு மெகாபைட்டுக்குப் பின்னால்தான் அது நிற்கும். நாலு மெகாபைட் அந்தக் கம்பியைக் கடக்க 3.4 மில்லிசெகண்ட். கணக்கு சரியாக உட்கார்ந்தது. மைக்ரேஷன் நேரத்தில் மட்டும் அந்த உச்சவரம்பை 512 கிலோபைட்டுக்குக் குறைத்தோம். ஒரே டேட்டா சென்டருக்குள் அந்த அளவே கம்பியை நிரப்பப் போதும். காத்திருப்பு அரை மில்லிசெகண்டுக்குப் பக்கம் வந்தது. சந்து அகலமாகவில்லை, வண்டியைச் சின்னதாக்கினோம். நான்கு வருடம் கழித்து, 2022-ல், கியூஎமு 7.1-இல் அவசரப் பேஜ்களுக்கென்றே தனி இணைப்பு வந்தது. சரியான தீர்வு அதுதான்.

ஜனவரி இரவுக்கு வருகிறேன். முதல் முயற்சியை ரத்து செய்துவிட்டு, போஸ்ட்காப்பி அனுமதியோடு மறுபடி தொடங்கினோம். அந்த அனுமதியை நடுவழியில் வாங்க முடியாது, ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் ஆபத்தை மறைக்காமல் சொன்னோம். அந்தப் பக்கம் இருந்த டேட்டாபேஸ்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேக்கப் முடிஞ்சிடுச்சு சார், பண்ணுங்க" என்றார்.

முழு ப்ரீகாப்பிச் சுற்று ஒன்று போகட்டும் என்று விட்டோம். தொண்ணூறு ஜிபி அமைதியாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும், ஆபத்து நேரம் மிச்சம் இருக்கும் ஆறு ஜிபிக்கு மட்டும்தான். இதில் ஒரு விஷமம் உண்டு. அந்த ஆறு ஜிபி எது? ஓயாமல் எழுதப்படுவது. அதாவது டேட்டாபேஸுக்கு அந்தக் கணமே வேண்டியவை. அழுக்கான பழைய பிரதிகளைப் புது ஹோஸ்ட் முதலில் தூக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் பழசையே உண்மை என்று வாசித்துவிடும். ஆக, எழுந்ததும் டேட்டாபேஸ் கை வைக்கும் இடமெல்லாம் காலி. எது அதிகம் புழங்குகிறதோ அதுதான் கடைசிவரை பழைய வீட்டில் கிடக்கும். அம்மாவின் வீட்டில் தீப்பெட்டிபோல.

அதிகாலை இரண்டு பத்துக்கு, வி.எம்.களை நிர்வகிக்கும் வெர்ஷில் போஸ்ட்காப்பி கட்டளையை நான்தான் அடித்தேன். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். "அண்ணா, நாலு ஜிபி. ரெண்டு. ஒண்ணேகால்." மொத்தம் எட்டு செகண்ட். அந்த எட்டு செகண்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தது திரையை இல்லை, ரேக்குக்குப் போகும் சுவிட்சின் எரர் கவுண்டரை. மிச்சம் பூஜ்யம் ஆனது. பழைய ஹோஸ்டில் வெறும் கூடு.

போன் வந்தது. "நடுவுல ஒரு ஏழெட்டு செகண்ட் ஸ்லோ ஆன மாதிரி இருந்துச்சே சார்?" ஆமாம் என்றேன். ஹார்ட்பீட் அறுபடவில்லை, அந்த வி.எம். எந்த மெஷினில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவ்வளவு போதும்.

இந்த வெற்றியால் தலைக்கனம் ஏறி, சில மாதம் கழித்து ஒரு தப்பு செய்தேன். அதுவும் 32 வி.சி.பி.யூ. கொண்ட வி.எம்.தான், ஆனால் மெமரி 1 ஜிபி ஹியூஜ்பேஜ்களில் இருந்தது. 2017-லேயே கெர்னல் 4.11-இல் ஹியூஜ்பேஜுக்கும் யூசர்ஃபால்ட்எஃப்டி வந்துவிட்டதே என்று துணிந்து போஸ்ட்காப்பிக்கு மாற்றினேன். வி.எம். ஒரு பைட் கேட்டாலும் 1 ஜிபி முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் கெர்னல் அதைப் பொருத்தும். வடிகட்டி கேட்டால் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருவது. பத்து ஜிகாபிட்டில் ஒரு பேஜுக்கு 0.86 செகண்ட். 32 வி.சி.பி.யூ.க்களும் ஆளுக்கொரு பேஜைக் கேட்டு வரிசையில் நின்றால் கடைசியில் நிற்பவருக்கு 27 செகண்ட். விருந்தாளிக் கெர்னல் 20 செகண்ட் தாண்டினால் சாஃப்ட் லாக்கப் என்று கூச்சல் போடத் தொடங்கும். போட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதியது நான். இந்தக் கணக்கைக் கட்டளை அடிப்பதற்கு முன்பே கைவிரலில் போட்டிருக்கலாம்.

அதே 2018-ல் கேபிள் பிரச்சினைக்கும் விடிவு வந்தது. பீட்டர் ஷூ எழுதிய மீட்பு வசதி கியூஎமுவில் சேர்ந்தது. இணைப்பு அறுந்தால் வி.எம். சாகாது, இரு பக்கமும் இடைநிறுத்தத்தில் காத்திருக்கும். மறுபடி இணைந்ததும் எது வந்தது, எது வரவில்லை என்று பிட்மேப்பை ஒப்பிட்டுத் தொடரும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இணைப்பு அறுந்திருக்கும்போது, "மீட்டுக்கொள்" என்ற கட்டளையைக் கியூஎமுவின் மானிட்டரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் மானிட்டரைப் பார்த்துக்கொள்ளும் முதன்மைத் திரெட்டே இல்லாத பேஜ் ஒன்றைத் தொட்டுத் தூங்கிப்போயிருக்கலாம். பேஜ் வர இணைப்பு வேண்டும், இணைப்பு வரக் கட்டளை வேண்டும், கட்டளையைக் கேட்க வேண்டியவன் பேஜுக்காகக் காத்திருக்கிறான். பதினொன்றரை மணிக்கு என் இருநூறு வரியில் நான் மாட்டிய அதே முடிச்சு, உலகமே பயன்படுத்தும் மென்பொருளில். சில கட்டளைகளை முதன்மைத் திரெட்டைத் தொடாமல் தனியே ஓடவைக்கும் ஏற்பாட்டை மானிட்டருக்குள் கட்டித்தான் அதை அவிழ்த்தார்கள். அந்தப் பேட்ச்களைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு தொல்லை பாதுகாப்பு வழியாக வந்தது. கெர்னல் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது அதை நாம் விரும்பும் நேரம்வரை தூங்கவைக்க முடிகிறது என்றால், அது தாக்குபவருக்கு வரப்பிரசாதம். அந்த இடைவெளியில் வேறு எதையாவது மாற்றிவிட்டு எழுப்பலாம். அதனால் 5.11-லிருந்து, சிறப்பு உரிமை இல்லாத புரோகிராம்கள் கெர்னலுக்குள் நடக்கும் ஃபால்ட்டுகளைப் பிடிக்க முடியாதபடி வழக்க நிலையை மாற்றினார்கள். நியாயம்தான். ஆனால் கேவிஎம் விருந்தாளியின் மெமரியைத் தொடுவது கெர்னலுக்குள்ளிருந்து. ஹோஸ்ட்களைப் புதுப்பித்த மறுநாள் போஸ்ட்காப்பி எதுவும் தொடங்கவில்லை, ஒரு சிஸ்கன்ட்ரோல் எண் பூஜ்யமாக இருந்ததைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. 6.1-இல் இதற்கென ஒரு டிவைஸ் ஃபைலே வந்துவிட்டது. யாருக்கு உரிமை என்பதை ஃபைல் அனுமதியிலேயே சொல்லிவிடலாம். இப்போது இந்த வேலைக்கு வருபவர்கள் அதையே பயன்படுத்துங்கள், எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

மைக்ரேஷனுக்காகப் பிறந்த இந்த வசதி இப்போது எங்கெங்கோ போய்விட்டது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து வி.எம்.-ஐச் சட்டென்று எழுப்ப ஃபயர்கிராக்கர் அதைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு 13-லிருந்து போனுக்குள் குப்பை கூட்டும் கார்பேஜ் கலெக்டர்கூட இதன் மேல்தான் நிற்கிறது.

அந்த டேட்டாபேஸ் வி.எம். என்ன ஆனது என்று கேட்பீர்கள். மெல்ட்டவுனுக்கு ஹோஸ்டின் கெர்னலை மட்டும் மாற்றினால் போதாது, வி.எம்.-க்கு உள்ளே இருக்கும் கெர்னலையும் மாற்ற வேண்டும். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வாடிக்கையாளர் தங்கள் கெர்னலைப் புதுப்பித்து, அந்த வி.எம்.-ஐத் தாங்களே ரீபூட் செய்தார்கள். நாலு நிமிடம் கீழே இருந்தது.